வெளிறிய நரியும் பத்து நாள் கணக்கும்

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் என் தங்கையின் மகள் போன மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வீட்டின் பின்வேலிக்கு அப்பால் ஒரு மிருகம் நிற்கிறது. மூக்கிலிருந்து வால் நுனி வரை கறுப்பு. கீழே எழுதியிருந்தாள்: "மாமா, இது கொயோட்டியாம், இஞ்சத்தை சின்ன ஓநாய். சாம்பல் நிறத்திலைதானாம் இருக்கிறது. இப்பிடிக் கறுப்பு எப்பவாவது ஒண்டுதானாம். எவ்வளவு வடிவு பாருங்கோ. ஆக்களைக் கண்டு அதுக்குப் பயமே இல்லை, கிட்டக்கிட்ட வருது."

குடும்பக் குழுவில் எல்லாரும் இதயமும் பூவுமாகப் போட்டார்கள். நான் மட்டும் "கிட்டப் போகாதேங்கோ. சாப்பாடு வைக்காதேங்கோ. பிள்ளையளை உள்ளை கூப்பிடுங்கோ" என்று மூன்று வரி எழுதினேன். எழுதியும் மனம் ஆறாமல் தொலைபேசியும் எடுத்தேன். அவள் சிரித்தாள். "மாமாவுக்கு எப்பவும் பயம்தான். அங்கை என்ன வேலை பாத்தனீங்களோ தெரியாது" என்றாள்.

என்ன வேலை பார்த்தேன் என்று சொன்னால்தான் என்ன பயம் என்று விளங்கும். ஆகவே எழுதுகிறேன்.

நான் இயல்பிலேயே பயந்த ஆள். அடுப்பை நிறுத்தியாயிற்றா என்று மூன்று தரம் பார்க்கிறவன். என் மனைவி பிலோமினா, "இவர் பூட்டைப் பூட்டிப்போட்டு, பூட்டியாச்சோ எண்டு பூட்டிட்டையே கேட்பார்" என்று விருந்தினருக்குச் சொல்லிச் சிரிப்பாள். இப்படிப்பட்டவனுக்கு ஆண்டவர் பார்த்துக் கொடுத்த வேலை, பிராங்பேர்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் போய் வரக்கூடிய தூரத்தில் இருந்த ஒரு விலங்குநோய் ஆய்வுகூடத்தில், வெட்டும் அறை உதவியாளர். மன்னாரிலிருந்து அகதியாக வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு அந்த ஆய்வுகூடத்தில் நிலம் துடைக்கச் சேர்ந்தேன். ஒருநாள் உதவியாளர் சுகமில்லாமல் நின்றுவிட, செத்த ஆட்டைத் தூக்கி மேசையில் வைக்க ஆள் தேவைப்பட்டது. நான் தூக்கினேன். சத்தி எடுக்கவில்லை. அதுதான் என் தகுதி. பிறகு வகுப்புக்கு அனுப்பினார்கள், ஊசி போட்டார்கள், பச்சை மேலங்கி தந்தார்கள். இருபத்திரண்டு வருடம் அந்த அறையில் நின்றேன்.

நான் சொல்லப்போவது இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்களின் கதை. அப்போது எங்கள் பக்கத்து நரிகளில் விசர்நோய் என்கிற ரேபீஸ் இருந்தது. இப்போது இல்லை, பிறகு அடியோடு ஒழித்துவிட்டார்கள். ஆனால் அந்த வருடங்களில் வேட்டைக்காரர்கள் சுட்ட நரி, தெருவில் அடிபட்ட நரி, தோட்டத்தில் தள்ளாடிய நரி, எல்லாம் இரட்டைப் பையில் கட்டப்பட்டு எங்களிடம் வரும். விசர்நோய் என்றால் நம் சனத்துக்கு விளக்கத் தேவையில்லை. அறிகுறி தொடங்கிவிட்டால் பிறகு வைத்தியமே கிடையாது. கடிபட்ட ஆள் நன்றாக இருக்கும்போதே ஊசி போட வேண்டும். அதற்குக் கொஞ்சக் காலம் உண்டு. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாது. அதுதான் அந்த நோயின் கொடுமை.

வேலை முறை இதுதான். கையுறை இரண்டு சோடி. அவற்றின் நடுவே கத்தி வெட்டாத கம்பிவலைக் கையுறை ஒன்று. முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு. நரியின் தலையைப் பலகையில் இறுக்கி, தோலை உரித்துப் பின்னுக்குத் தள்ளி, மண்டையோட்டை அறுக்க வேண்டும். மின்வாள் பாவிக்கக் கூடாது, துகள் பறக்கும். கைவாள்தான். மூன்று வெட்டு வெட்டினால் மூடி மாதிரிக் கழன்று வரும். மூளையில் மூன்று இடத்தில் பயறளவு துண்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒற்ற வேண்டும். அத்தோடு என் வேலை முடிந்தது. மேல்மாடியில் அதற்கு மருந்து போட்டு, இருட்டறையில் நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். நோய் இல்லாவிட்டால் ஒரே கருமை. இருந்தால் பச்சை ஆப்பிள் நிறத்தில் புள்ளி புள்ளியாக மினுங்கும். ஒருமுறை எனக்கும் காட்டினார்கள். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

எங்கள் பொறுப்பாளர் பெண் மருத்துவர் ஒருவர். லிண்ட்னர் என்று பெயர். உயர்ந்த, மெலிந்த மனுசி. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை, சிரித்ததும் குறைவு. அவருக்கு ஒரு பழக்கம். வந்த மிருகத்தின் இலக்கத்தை நான் வாசிக்க வேண்டும், அவர் திருப்பி வாசிப்பார், பிறகு அவர் வாசிக்க நான் திருப்பி வாசிக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது நரி வந்தால் இருபது தரம். "காலையில் வந்த நரி" என்று நான் சொன்னால் கையை உயர்த்தி நிறுத்துவார். "எந்த நரி?" என்று கேட்பார். "அந்தச் சிறிய நரி" என்றால் மறுபடி, "எந்தச் சிறிய நரி?" இலக்கத்தைச் சொல்லும் வரை விடமாட்டார். தொடக்கத்தில் எனக்குக் கோபம் வந்தது. என் ஜேர்மன் மொழியைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் மேல்மாடிப் பேராசிரியரிடமும் அதே கேள்விதான்.

ஒரு கோடைகாலப் புதன்கிழமை வந்த பையைத் திறந்தபோது நாய் ஒன்றைத் தவறாக அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். உள்ளே இருந்தது வெள்ளையாக இருந்தது. பிறகு காதைப் பார்த்தேன், பாதத்தைப் பார்த்தேன், வாலைப் பார்த்தேன். நரிதான். அந்த வருடம் பிறந்த குட்டி, முக்கால் வளர்த்தி. நகரச் சனம் மரக்கறி போட எடுக்கிற, நகர எல்லையில் இருந்த வாடகைத் தோட்டங்களின் பக்கம் அதற்கு முதல் நாள் தள்ளாடித் திரிந்திருக்கிறது. வேட்டைக்காரர் சுட்டுக் கொண்டுவந்திருந்தார்.

எங்கள் படிவத்தில் நிறம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நான் அதுவரை "வழமை" என்பதைத் தவிர வேறு எழுதியதே இல்லை. வயிறு கறுத்த நரிகள் ஒன்றிரண்டு வந்திருக்கின்றன, வேட்டைக்காரர்கள் அவற்றைக் கரிநரி என்பார்கள். அதையும் வழமை என்றுதான் போட்டேன். அன்று "வெள்ளை" என்று எழுதினேன்.

லிண்ட்னர் அம்மா எட்டிப் பார்த்தார். "வெள்ளையா?"

"வெள்ளைதானே."

"கண் என்ன நிறம்?"

"பழுப்பு."

"அப்படியென்றால் அல்பினோ இல்லை, அதற்குக் கண் சிவந்திருக்கும். நீங்கள் நினைப்பதை எழுதாதீர்கள். பார்ப்பதை எழுதுங்கள்."

பார்த்துப் பார்த்து எழுதினேன். உடல் வெளிறிய பாலாடை நிறம். கண் பழுப்பு. மூக்கு கறுப்பு. வாலின் நடுவில் ஒரு கைப்பிடி அளவு கறுப்பு மயிர். எழுதி முடிக்கக் கால் மணித்தியாலம் போயிற்று. இதையெல்லாம் ஆர் வாசிக்கப் போகிறான் என்று மனதுக்குள் புறுபுறுத்தேன்.

வியாழக்கிழமை மேலிருந்து முடிவு வந்தது. அந்த நரிக்கு விசர்நோய்.

மாவட்ட அலுவலகம் தோட்டங்களின் வாசலில் அறிவித்தல் ஒட்டியது. இந்தப் பகுதியில் நோய் கண்ட நரி, தொட்டவர்கள், கடிபட்டவர்கள் உடனே வைத்தியரிடம் போகவும். அறிவித்தலில் நிறத்தையும் போடச் சொல்லி லிண்ட்னர் அம்மா தொலைபேசியில் கேட்டது என் காதில் விழுந்தது. அவர்களிடம் ஏற்கெனவே அச்சடித்த தாள் இருந்தது, அதையே ஒட்டினார்கள். அதில் அழகான செம்மஞ்சள் நரிப் படம். ஒருவரும் வரவில்லை. நாங்களும் அடுத்த பைக்குப் போய்விட்டோம்.

அதற்குப் பிறகு இரண்டாவது ஞாயிறு, கத்தோலிக்கக் கோயிலில் மாதமொருமுறை நடக்கும் தமிழ்ப் பூசைக்குப் போயிருந்தோம். பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி. என் பக்கத்தில் ஜெயசீலன் நின்றார். விமான நிலையச் சமையற்கூடத்தில் வேலை செய்கிற, என்னைவிடப் பதினைந்து வயது குறைந்த யாழ்ப்பாணத்து மனிதர். மனைவி ரெஜினா. ஒரே மகள் அனுஷாவுக்கு ஆறு வயது. அவரோடு வேலை செய்கிற ஒருவர் தன் வாடகைத் தோட்டத்தை இவர்களைப் பாவிக்க விட்டிருந்தார். சனி ஞாயிறில் போய் மிளகாயும் பூசணியும் போடுவார்கள். தோட்டத்துக்கு வருகிற ஒரு வெள்ளை நாயைப் பற்றி ஜெயசீலன் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"மீன் தலையெண்டால் உயிரை விடும், அண்ணை. ஆரோ காசுக்காரர் வளக்கிற நாய் போலை. சடை வால். முதல் நாள் மட்டும் பிள்ளையின்ரை விரலைக் கடிச்சுப்போட்டுது. பிறகு நல்ல பழக்கம்."

தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"எந்தத் தோட்டம், தம்பி?"

சொன்னார். அதே தோட்டம்தான்.

"கடிச்சு எத்தினை நாள்?"

"நேற்றையோடை ரெண்டு கிழமை. ஏன் அண்ணை?"

எனக்கு வாய் திறக்கத் தடை இருந்தது. ஆய்வுகூடத்து முடிவுகளை வெளியில் பேசமாட்டேன் என்று கையெழுத்து வைத்தவன் நான். "சும்மாதான். பின்னேரம் நானும் வந்து பாக்கட்டே?" என்றேன்.

பின்னேரம் போனேன். பிள்ளை மேசையில் வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டிருந்தாள். ரெஜினா மீன் தலையைத் தட்டில் வைத்துவிட்டு "வெள்ளை, வெள்ளை" என்று கூப்பிட்டாள். தோட்டத்து மரக் கொட்டிலுக்குக் கீழிருந்து அது வந்தது. நான் வெட்டிய அதே நிறம், அதே வளர்த்தி. என்னைக் கண்டு தயங்கி நின்று, தலையைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. தள்ளாட்டம் இல்லை, வாயில் எச்சில் இல்லை. நல்ல சுகமான மிருகம்.

"தம்பி, இது நாயில்லை. நரி."

ஜெயசீலன் சிரித்தார். "பகிடி விடாதேங்கோ அண்ணை. இஞ்சத்தை நரி சிவப்பெல்லோ. வாசலிலை படம்கூட ஒட்டியிருக்கு."

"கடிச்ச உடனை ஏன் டொக்டரிட்டைக் காட்டேல்லை?"

ரெஜினாதான் பதில் சொன்னாள். "இஞ்சை தெரு நாய் ஏது அண்ணை? எல்லாம் ஊசி போட்ட நாய்தானே. எண்டாலும் நாங்கள் சும்மா விடேல்லை. பத்து நாள் பாத்தம். இவர் வேலை முடிஞ்சு ஒவ்வொரு நாளும் வந்து பாத்துப்போட்டுத்தான் வீட்டை வருவார். காலண்டரிலை வெட்டி வெட்டிக் கொண்டு வந்தம். பத்துக்கு மேலை அஞ்சு நாளும் போட்டுது. நாய் கல்லு மாதிரி நிக்குது. பிறகென்ன?"

இது எங்கள் ஊர்க் கணக்கு. வெளியாருக்கு விளங்காது. நாய் கடித்தால் நாயைக் கட்டிவைத்துப் பத்து நாள் பார். நாய் செத்தால் ஊசி, இருந்தால் ஒன்றுமில்லை. வயிற்றைச் சுற்றி ஊசி போட்ட காலத்தில் இந்தப் பத்து நாளை நம்பித்தான் எத்தனையோ தாய்மார் நித்திரை கொண்டார்கள். கணக்கில் பிழையில்லை. ஆனால் அது நாய்க்குரிய கணக்கு. நரிக்குப் பத்து நாள் கணக்கே கிடையாது. நரி கடித்தால் அன்றே ஊசி. எங்கள் வெட்டும் அறைக் கதவிலேயே அது எழுதி ஒட்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போனவன் நான்.

ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு என் வேலை தெரியும். "அண்ணை, நரியெண்டாலும் உயிரோடைதானே நிக்குது. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. பிள்ளையைக் காட்டு மிருகத்திட்டைக் கடிக்க விட்டவள் எண்டு யூகென்ட்அம்ட் வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள்."

யூகென்ட்அம்ட் என்பது பிள்ளைகள் நல அலுவலகம். அந்தக் காலத்தில் நம் சனத்துக்கு அந்தப் பெயர் பொலிஸைவிடப் பயம்.

நான் என்ன செய்தேன் என்று ஒளிக்காமல் எழுதுகிறேன். எனக்கு ஆறுதல் வந்தது. கடித்த மிருகம் கண்ணுக்கு முன்னால் உயிரோடு நிற்கிறது, பதினைந்து நாள் கழிந்துவிட்டது, ஆகவே பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று என் மனமும் ரெஜினாவோடு சேர்ந்து காலண்டரை வெட்டியது. இரண்டு வெளிறிய நரிகள் இருந்தன என்பது அந்தத் தோட்டத்தில் நின்ற பெரியவர்கள் மூன்று பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒன்றின் மண்டையை இந்தக் கையால் திறந்தவன் நான். கடித்தது இதுதான் என்று அவர்கள் சொன்னது, அவர்கள் ஒன்றைத்தான் கண்டிருந்தார்கள் என்பதால். அதை நான் கேள்வி கேட்டிருக்க வேண்டும். "சரி, யோசியாதேங்கோ" என்று சொல்லி, அவள் தந்த கட்லட்டைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் முதலில் செய்தது பழைய படிவத்தை எடுத்துப் பார்த்ததுதான். எடுத்தேன், வாசித்தேன், திருப்பி வைத்தேன். சாப்பாட்டு இடைவேளையில் மறுபடி எடுத்தேன். என்னத்தைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டில் பிலோமினா, "என்ன, முகம் செத்துப்போய்க் கிடக்குது?" என்று கேட்டாள். அவளுக்கும் சொல்லவில்லை. சொன்னால் அவள் உடனே ரெஜினா வீட்டுக்கு ஓடுவாள் என்று தெரியும். ஓடியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து நரி வந்திருந்தது. மூன்றாவதுக்கு இலக்கம் வாசிக்கும்போது பிழையாக வாசித்தேன். திருப்பி வாசித்தேன், மறுபடி பிழை. லிண்ட்னர் அம்மா பேனையை வைத்தார்.

"என்ன நடந்தது?"

"அந்த வெளிறிய நரி," என்றேன்.

"எந்த வெளிறிய நரி?"

அவர் வழமையாகக் கேட்கிற மாதிரித்தான் கேட்டார். ஆனால் இந்த முறை என்னிடம் இரண்டு நரி இருந்தது. கதிரையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தோட்டம், பிள்ளை, விரல், பத்து நாள், ஞாயிற்றுக்கிழமை நான் கண்ட மற்ற நரி. கையுறையை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"இப்படி நிறம் தாயும் தகப்பனும் கொடுத்தால் வருகிறது," என்றார். "ஒரு ஈற்றில் ஒன்று இப்படி இருந்தால் கூடப்பிறந்ததும் இருக்கலாம். அரிய நிறம் என்றால் ஒன்றுதான் இருக்கும் என்று எல்லாரும் நினைத்துவிடுகிறார்கள். கடித்ததை யார் கண்டது?"

"பிள்ளை மட்டும்தான். தாய் கொட்டிலுக்குள் நின்றிருக்கிறா."

"பிள்ளையிடம் கேட்டீர்களா?"

இல்லை. தகப்பனிடம் கேட்டேன், தாயிடம் கேட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டு இருந்த பிள்ளையிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

"அவள் எதைச் சொன்னாலும் ஊசி போடத்தான் வேண்டும்," என்றார். "நான் வைத்தியசாலைக்குச் சொல்கிறேன். நீங்கள் இப்போதே அந்தத் தாயிடம் போங்கள். மேலங்கியைக் கழற்றிவிட்டுப் போங்கள்."

ரெஜினா கதவைத் திறந்தபோது பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் நிலத்தில் குந்தி இருந்தேன்.

"அனுஷாக்குட்டி, விரலைக் கடிச்சது எது? மீன் தலை சாப்பிட வாறதே?"

"இல்லை மாமா. அது கடிக்காது. மற்றது."

"எந்த மற்றது?"

"ரெண்டு இருந்தது. கொட்டிலுக்குக் கீழை விளையாடினது. ஒண்டுக்கு வால் முழுக்க வெள்ளை. மற்றதுக்கு வாலிலை நடுவிலை கறுப்பு. கறுப்புதான் கடிச்சது. அது இப்ப வாறேல்லை."

அந்தப் படிவத்தைத் திங்கட்கிழமை எடுத்து எடுத்துப் பார்த்தவன் நான். வாலின் நடுவில் ஒரு கைப்பிடி அளவு கறுப்பு மயிர். என் கையெழுத்து.

"ஏனம்மா சொல்லேல்லை?" என்று ரெஜினா கேட்டாள்.

"நீங்கள் கேக்கேல்லை."

ரெஜினா சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டாள். "அண்ணை, என்ரை பிள்ளை..." என்று தொடங்கி, "பிந்திப்போச்சோ? பிந்திப்போச்சோ?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். "எழும்பு ரெஜினா. வைத்தியக் காப்புறுதிக் கார்ட்டை எடு. போவம்" என்றேன். ஜெயசீலனை வேலையிடத்தில் பிடித்து நேரே வைத்தியசாலைக்கு வரச் சொன்னேன்.

வைத்தியசாலையில் லிண்ட்னர் அம்மா எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றார். அவர் அங்கே வர வேண்டிய கடமை இல்லை. வைத்தியரிடம் இலக்கத்தைச் சொன்னார், திகதியைச் சொன்னார், வாலைச் சொன்னார். காய்ந்து ஆறிப்போன விரல் தழும்பைச் சுற்றியே முதல் ஊசியைக் குத்தினார்கள். ஆறு வயதுப் பிள்ளையின் விரலில் எவ்வளவு சதை இருக்கும்? அவள் வீரிட்டாள். ஜெயசீலன் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தானும் அழுதார். பிறகு கையில் தடுப்பூசி. ஒரு மாதத்துக்குள் இன்னும் நாலு. வயிற்றில் போடமாட்டார்களா என்று ரெஜினா இரண்டு தரம் கேட்டாள். இல்லை, இப்போது கையில்தான் என்று சொன்னேன்.

"இனிப் பயமில்லைத்தானே?" என்று ஜெயசீலன் வைத்தியரைக் கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன்.

"நாங்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம்," என்றார் வைத்தியர். "நாள் பிந்தியிருக்கிறது. நோய் வருவதென்றால் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் வரும். சிலவேளை ஒரு வருடமும் எடுக்கும்."

முதல் வசனத்தை மொழிபெயர்த்தேன். மற்றதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லிண்ட்னர் அம்மா என் முகத்தைப் பார்த்தார். "அவர் சொன்னது முழுவதையும் சொன்னீர்களா?" என்று கேட்டார். பிறகு முழுவதையும் சொன்னேன்.

மற்ற நரியையும் அந்தக் கிழமையே பிடித்துக் கொண்டுவந்தார்கள். என் மேசைக்குத்தான் வந்தது. வால் முழுக்க வெள்ளை. மூன்று வெட்டு, மூன்று துண்டு. மேலே ஒரே கருமை, நோய் இல்லை. ரெஜினா பதினைந்து நாள் காலண்டரில் வெட்டியது இந்த அப்பாவியின் உயிரைத்தான். அந்தப் படிவத்தில் நிறம் எழுதும்போது எனக்கு எழுத்து ஓடவில்லை.

அன்று பின்னேரம் லிண்ட்னர் அம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "எழுதுங்கள். எப்போது அறிந்தீர்கள், எப்போது சொன்னீர்கள்."

"ஞாயிறு அறிந்தேன். செவ்வாய் சொன்னேன்."

"இடையில்?"

"பயத்தில் இருந்தேன்."

"அதையும் எழுதுங்கள்."

வேலை போகப்போகிறது என்று நினைத்து எழுதினேன். அவர் வாசித்துக் கீழே கையெழுத்து வைத்து ஆய்வுகூடக் கோவையில் போட்டார். "அந்த இரண்டு நாளை எழுதாமல் விட்டால் அடுத்தவருக்கும் இதே இரண்டு நாள் போகும்," என்றார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. யூகென்ட்அம்ட் வரவில்லை. காட்டு விலங்குக்கு உணவு வைக்கக் கூடாது என்று ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு ஜெயசீலன் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பேன். பிள்ளை என்ன செய்கிறாள், சாப்பிட்டாளா, தண்ணீர் குடித்தாளா? தண்ணீரைத்தான் முக்கியமாகக் கேட்பேன். விழுங்கக் கஷ்டப்படுகிறாளா, விரல் உளைகிறது என்றாளா? ஒருநாள் "தலையிடி எண்டவ" என்றாள் ரெஜினா. வேலைச் சப்பாத்தோடு ஓடினேன். பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்கூடச் சோதனைக்குப் பயந்து சொன்ன தலையிடி. மூன்று மாதம் போயிற்று. ஆறு மாதம் போயிற்று. நத்தார் போயிற்று. ஆறு மணிக்கு நான் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த கோடையில் ஒரு வருடம் முடிந்து ஒரு கிழமையும் ஆன நாள், நான் அழைத்தபோது ஜெயசீலன் பேசினார். பிள்ளை பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டு திரிவது கேட்டது.

"அண்ணை, ஒண்டு சொன்னால் கோவிக்கமாட்டியளே?"

"சொல்லும் தம்பி."

"இனி எடுக்காதேங்கோ. பிள்ளை நல்லா இருக்கிறா. ஆறு மணிக்கு மணி அடிச்சாலே ரெஜினா ஓடிப்போய்ப் பிள்ளையின்ரை நெத்தியைத் தொட்டுப் பாக்கிறா. ஒரு வருஷமா அந்த நேரம் எங்கடை வீட்டிலை ஒருத்தரும் வாயிலை சோறு வைக்கிறேல்லை. நீங்கள் எங்களுக்குச் செய்ததை நாங்கள் சாகும் மட்டும் மறக்கமாட்டம். நீங்கள் அண்டைக்குக் கண்டுபிடிச்ச உடனை ஓடி வந்திராட்டில் பிள்ளை இல்லை. ஆனால் காணும் அண்ணை."

கண்டுபிடித்த உடனே. அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தோட்டத்தில் கட்லட் சாப்பிட்டபோதே எனக்கு இரண்டு நரி தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. கோவையில் கிடந்த அந்தத் தாளை அவர் பார்த்ததில்லை.

"மன்னிச்சுக்கொள்ளும் தம்பி," என்றேன்.

"எதுக்கண்ணை?"

"இவ்வளவு நாளும் கரைச்சல் குடுத்ததுக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அனுஷா நன்றாக வளர்ந்தாள். கோயிலில் அவள் முதல் நன்மை வாங்கிய நாள் என்னை முன்வரிசையில் இருத்தினார்கள், கேக் வெட்டும்போது படத்துக்குக் கூப்பிட்டார்கள். பூசையில் காணும்போதெல்லாம் ஜெயசீலன் இருந்த இடத்தை விட்டு எழும்பி எனக்குக் கதிரை தருவார். நானும் இருப்பேன்.

அந்த இரண்டு நாளையும் நான் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை. இங்கேதான் முதன்முதலாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். ஜெயசீலன் தமிழில் எது அச்சில் வந்தாலும் விடாமல் வாசிக்கிறவர்.